நீ திரும்பக் கேட்கச் சொல்வது என் முதல் வாக்கை

தம்பி, நீ குசினி மேசையில் வைத்துவிட்டுப் போன கையெழுத்துத் தாள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அம்மா அதன்மேல் சட்டி வைக்கவும் இல்லை, எடுத்து மேசை லாச்சிக்குள் போடவும் இல்லை. சாப்பிடும்போது அதை ஒருபக்கமாக நகர்த்துகிறோம், சாப்பிட்டு முடிந்ததும் பழைய இடத்துக்கு இழுத்து வைக்கிறோம். போன வாக்கெடுப்பை நாடு முழுவதும் திரும்ப நடத்த வேண்டும் என்று கேட்கும் அந்தத் தாளில் என் பெயரை எழுதுவேனா மாட்டேனா என்று கேட்டாய். நான் உடனே பதில் சொல்லவில்லை. நீ கோபத்தோடு ஜெனீவாவுக்குப் போய்விட்டாய். அதன்பிறகு அம்மாவின் தொலைபேசிக்கு மட்டும் எடுக்கிறாய். "அப்பாவோட ஒருக்கா கதைக்கிறியோ?" என்று அவ கேட்டால், "ட்ராம் வந்திட்டுது அம்மா, பிறகு எடுக்கிறன்" என்கிறாயாம். ஜெனீவாவில் இவ்வளவு ட்ராம் ஓடுகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஆகவே எழுதுகிறேன். கோயில் மண்டபத்தின் மேல்மாடியில் புதன்கிழமைகளில் நடக்கும் எங்கள் முதியோர் வகுப்பில், வருட முடிவுக்கு ஒரு சிறிய மலர் போடுவோம், ஆளுக்கொரு பக்கம் எழுதுங்கோ என்று படிப்பிக்கிற ரீச்சர் சொன்னா. "என்னத்தைப் பற்றி?" என்று கேட்டோம். "ஆரோட கதைக்கவேணும்போல இருக்கோ, அவைக்கு எழுதுங்கோ" என்றா. ஒருவர் முருகனுக்கு எழுதுகிறார். ஒருவர் இறந்துபோன தமையனுக்கு எழுதுகிறார். நான் உனக்கு எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்று முதலே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக் கதையை ஊர் வாசிக்கப் போகிறதே என்று உனக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை. மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேரின் வீட்டிலும் இதே மேசை இருக்கிறது, இதே தாள் கிடக்கிறது. நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு வசனத்தை எழுதி முடிப்பதற்குள் அதில் உள்ள கோபம் பாதி இறங்கிவிடுகிறது. இது நல்ல வசதி. நீங்கள் எல்லாரும் ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறீர்கள் என்று யோசிக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், வாசிக்கிற மற்றவர்களுக்காகவும். நான் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கடலுக்குப் போனவன். சுவிசுக்கு வந்து இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினிகளில் வேலை செய்த காலம் முழுவதும் டொச், அதாவது ஜெர்மன், கதைக்கப் பழகினேனே தவிர, எந்த மொழியிலும் ஒரு எழுத்து எனக்குத் தெரியாது. கையெழுத்து என்று ஒரு கோலம் போடுவேன், அவ்வளவுதான். உனக்குப் பதினெட்டு வயது முடிந்து வாக்குரிமை வந்ததும், எங்கள் மூன்று பேருக்கும் தபாலில் வரும் வாக்குச்சீட்டு உறைகளை நீதான் திறந்தாய். அரசாங்கம் அனுப்பும் விளக்கப் புத்தகத்தை நீயே வாசித்தாய். மூன்று சீட்டிலும், ஆம் என்றால் 'யா', இல்லை என்றால் 'நைன்' என்று நீயே எழுதினாய். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே, "தம்பி, இது என்னத்துக்கு?" என்று கேட்பா. "மாட்டுக் கொம்பு பற்றி அம்மா" என்பாய். "பாவம், வாயில்லாச் சீவன். மாட்டுக்கு நல்லதை எழுது" என்பா. நான் என் கோலத்தைப் போடுவேன். நீ உறைகளை நாக்கால் நனைத்து ஒட்டுவாய். வேலை முடிந்தது. அவரவர் சீட்டை அவரவர்தான் எழுத வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். ஆனால் எங்கள் ஆட்களில் எத்தனை வீட்டில் அது அப்படி நடக்கிறது? படித்த பிள்ளை எழுதும், தாய்தகப்பன் கையெழுத்து வைக்கும். அதில் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிப்படிவம், காப்புறுதி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் நீதானே நிரப்பினாய், இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தோம்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். சித்தி வீட்டுக்குக் கிட்ட இருக்கலாம் என்று வின்டர்தூருக்கு வந்தோம். வகுப்பில் சேர்ந்தேன். முதல் மாரியில் தமிழ் எழுத்து, அடுத்த மாரியில் நகரசபை நடத்தும் வகுப்பில் டொச் எழுத்து. டொச் சொற்கள் எல்லாம் எனக்கு ஏற்கெனவே காதால் தெரிந்தவைதானே? ஒவ்வொன்றாகக் கடுதாசியில் கண்டபோது, தொலைபேசியில் மட்டும் கதைத்துப் பழகிய ஆளை நேரில் காண்பதுபோல இருந்தது. ஓ, நீதானா அது என்று ஒவ்வொரு சொல்லையும் பார்த்துச் சிரித்தேன். பஸ்ஸில் போகும்போது கடைப்பெயர்களை வாய்விட்டு வாசித்து, அம்மா என் தொடையில் கிள்ளியிருக்கிறா.

அந்த நேரத்தில்தான் இந்த வாக்கெடுப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு உச்ச எண்ணிக்கை வைப்பதா இல்லையா என்று கேட்டார்கள். நீ வழமைபோல வார இறுதியில் வந்து எழுதுவதாகச் சொன்னாய். நான், "வேண்டாம் தம்பி, இந்தமுறை நான் வாசிக்கிறன்" என்றேன். நீ சந்தோசப்பட்டாய். "சூப்பர் அப்பா" என்றாய். அதை நான் மறக்கவில்லை. புத்தகத்தை யன்னலோரம் வைத்து நாளுக்குக் கொஞ்சமாக வாசித்தேன். விளங்காத சொற்களை வகுப்பில் கேட்டேன். வேண்டும் என்கிறவர்களின் பக்கத்தை வாசித்தேன், வேண்டாம் என்கிறவர்களின் பக்கத்தையும் வாசித்தேன். கடைசியில் பேனையை எடுத்து 'யா' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நானே வாசித்து, நானே யோசித்து, நானே எழுதிய முதல் வாக்கு. உறையை நகரசபையின் பெட்டிக்குள் போட்டுவிட்டு உடனே வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். வரும் வழியில் பேக்கரியில் அம்மாவுக்கும் எனக்கும் கிறீம் கேக் வாங்கினேன். "என்ன விசேசம்?" என்று கேட்டா. "வாக்குப் போட்டனான்" என்றேன். "அதுக்குக் கேக்கோ? அப்ப எலக்சன் வென்றிருந்தா ஆடு வெட்டியிருப்பியள்" என்றா.

ஏன் 'யா' என்று நீ கேட்டாய், ஆனால் பதிலைக் கேட்க நிற்கவில்லை. இப்போது சொல்கிறேன். நான் ஹோட்டல் குசினியில் நின்ற காலத்தில் ஒவ்வொரு சீசனுக்கும் புதுப் பெடியன்கள் வருவார்கள். போர்த்துக்கல், போலந்து, எங்கட ஊர் என்று எல்லா இடத்திலிருந்தும். பத்து மணித்தியாலம் என்று எழுதிவிட்டுப் பதினான்கு மணித்தியாலம் வேலை வாங்குவான் முதலாளி. வாய் திறந்தால், "பிடிக்கேல்லையோ? கதவுக்கு வெளியில ஆக்கள் வரிசையில நிக்கினம்" என்பான். அந்த வரிசையை நான் காணவே இல்லை. ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் அந்த வரிசைக்குப் பயந்தேன். வெளியில் நிற்கிறவர்கள் குறைந்தால் உள்ளே நிற்கிறவனுக்கு ஒரு மரியாதை வரும் என்று நினைத்தேன். நான் வந்தவர்களை வெறுத்து எழுதவில்லை. அந்த முதலாளியை நினைத்துத்தான் எழுதினேன். இது சரியான காரணமோ தெரியாது. ஆனால் காரணம் இல்லாமல் எழுதவில்லை.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் நந்தினியும் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். நீ கட்டப்போகும் பிள்ளை முதல்தரம் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறா என்று அம்மா நண்டு சமைத்திருந்தா. தொலைக்காட்சியில் கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மயிரிழையில் 'யா' வென்றது. நீ கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாய். "ஆரப்பா இந்த விசர் ஆக்கள்? ஆர் இதுக்கு யா போட்டது?" என்றாய். கை முழுக்க நண்டுக் குழம்போடு நான், "நானும்தான்" என்றேன். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் முதல் வாக்கு வென்றிருந்தது.

"நீங்களோ? பஸ்ஸுக்குள்ள ஏறி இருந்தாப் பிறகு, கதவைப் பூட்டு எண்டு ட்ரைவருக்குச் சொல்லுற ஆளப்பா நீங்கள்."

"பஸ்ஸில நிக்கிறவனுக்கும் மூச்சு விடவேணும் தம்பி."

"நந்தினிக்கு முன்னால சொல்லுறியள் இதை. அவளின்ர விசா என்னாகும் எண்டு யோசிச்சியளோ?"

நான் யோசிக்கவில்லை. அதுதான் உண்மை. உன்னைக் கட்டினால் அவ இங்கே இருப்பா, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தேன். அம்மா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தா. "அவருக்கு நைன் எண்டு எழுதக் கை வராது தம்பி, டொச்சில நாலு எழுத்தெல்லோ. யா எண்டா ரெண்டு எழுத்தோட முடிஞ்சுது" என்றா. நந்தினி மட்டும்தான் சிரித்தா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, எங்கள் பேச்சில் பாதி விளங்கியிருக்காது. என் விரல்களைப் பார்த்து, "மாமா, எங்க ஊர்ல ஓட்டுப் போட்டா விரல்ல மை வைப்பாங்க. இங்க ஒண்ணுமே வைக்கலையே, அப்புறம் யார் போட்டாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டா. நான் கையைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் இருவரும் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

பிறகு நாடு முழுக்க இதே கதைதான். மக்கள் சொன்னது சொன்னதுதான், அதை மதிக்காவிட்டால் வாக்கு எதற்கு என்று ஒரு பக்கம். மயிரிழையில் வந்த முடிவு, விளைவு என்னவென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது, திரும்பக் கேட்போம் என்று மறுபக்கம். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதான வரிசையிலும் அதுதான். "தோத்தவன் திரும்ப விளையாடக் கேட்டா மட்ச் எப்ப அண்ணை முடியும்?" என்று ஒருவர் கேட்க, "மழை பெய்தா திரும்ப வைக்கிறேல்லையோ?" என்று மற்றவர் கேட்டார். "எங்க பெய்தது மழை?" "உன்ர வீட்டில பெய்யேல்லை, என்ர மச்சான் வீட்டில பெய்யுது. அவன்ர பொஞ்சாதி இன்னும் கொழும்பில." மச்சானின் கதையைச் சொன்ன அந்த ஆள் அதன்பின் சாம்பாரைக்கூட வாங்காமல் போய்விட்டார். உங்களுக்கெல்லாம் விளையாட்டாக இருக்கிறது என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

நீ ஒரு சனிக்கிழமை வின்டர்தூர் ஸ்டேஷன் முன்னால் நண்பர்களோடு கையெழுத்துச் சேர்த்துக்கொண்டு நின்றாய். நான் அன்று பஸ் தரிப்பில் நின்றதை நீ கவனிக்கவில்லை. மழைச் சட்டையும் கையில் அட்டையுமாக நீ நின்ற விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆம், பெருமைதான். குளிரில் நின்று, முகம் தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பேனையை நீட்டுகிற பிள்ளை என் பிள்ளை. அப்போது ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவி, "நாங்கள் யா சொல்லியாகிவிட்டது, நீங்கள் தோற்கப் பழக வேண்டும்" என்று உன்னிடம் டொச்சில் சொன்னா. நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் கேட்கிறது. "நீங்கள் எல்லாரும் வாசிக்காமல் போட்டீர்கள்" என்றாய்.

தம்பி, அது அந்தக் கிழவியில் படவில்லை. அவ கோலை ஊன்றிக்கொண்டு போய்விட்டா. பஸ் தரிப்பில் நின்ற என்னில் பட்டது. வாசிக்காமல் நான் போட்ட வாக்குகள் ஏராளம், எல்லாம் நீ எழுதித் தந்தவை. அவற்றில் ஒன்றையாவது திரும்ப நடத்த வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசித்துப் போட்டது இந்த ஒன்றுதான். பஸ் வந்தது, ஏறாமல் விட்டுவிட்டேன். அன்று பின்னேரம் நீ வீட்டுக்கு வந்து தாளை மேசையில் வைத்தபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது உனக்கு விளங்கும். நீ, "இதில கையெழுத்து வைக்காட்டி கலியாணத்தில நந்தினியின்ர தாய்தகப்பனுக்கு முன்னால எந்த முகத்தோட நிப்பியள்?" என்று கேட்டாய். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு அம்மா சொன்னா, "அவன் கத்தினது உங்களில இல்லை. பள்ளிக்கூடக் கொறிடோரில."

அவ சொன்னது சரி. எனக்குத்தான் பிடிபடக் கொஞ்சம் பிந்தியது.

உனக்கு அப்போது ஏழு வயது. ஏரிக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஊரில் நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அப்போது அங்கே ஊர் மக்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, கை தூக்கித்தான் முடிவெடுத்தார்கள். எங்களுடைய பெயர் வந்ததும், விண்ணப்பித்தவர்கள் வெளியே போகலாம் என்றார்கள். மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில், அந்தக் கொறிடோரில், பிள்ளைகளின் குளிர்ச்சட்டை மாட்டும் கொளுக்கிகளுக்குக் கீழே நாங்கள் மூவரும் நீளமான மர வாங்கில் இருந்தோம். நீ அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாய். உன் சட்டையை மாட்டும் கொளுக்கி எது என்று அம்மாவுக்குக் காட்டினாய். பிறகு, "ஏனப்பா எங்களை வெளியில விட்டவை?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கதவு திறந்து ஊர்ச்சபை எழுதுவினைஞர் வந்து, மன்னிக்கவும், கிடைக்கவில்லை என்றார். நீ திங்கட்கிழமை அதே கொளுக்கியில் சட்டையை மாட்டிவிட்டு, அதே ஊர்ப் பிள்ளைகளோடு போய் இருந்தாய். அவர்களின் தாய்தகப்பன்மார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்று உனக்குத் தெரியாது. ஏழு வயதில் நீ அதைச் சுமந்தாய். 'யா' வென்றது என்று தொலைக்காட்சியில் யாரோ சிரித்தபோது நீ ஏன் கதிரையைத் தள்ளி எழும்பினாய் என்று நான் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அடுத்த நாள் காலை, ஹோட்டலுக்கு விறகு கொண்டுவரும் வால்ட்டர் குசினியின் பின்கதவுக்கு வந்தார். மரஆலைக்காரர், கதைப்பதே அரிது. தொப்பியைக் கழற்றி, "நேற்று உனக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்னொருவன் சொல்லி நீ அறியக்கூடாது என்று வந்தேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன்?" என்று கேட்டேன். "உன்னை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்காக நான் கை தூக்குவதில்லை" என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். குசினிக்காரனுக்கு வேறு என்ன தெரியும்? குடித்துவிட்டு விறகை இறக்கினார். அடுத்த கிழமையும் கோப்பி குடித்தார். பிறகு அம்மா செய்த ரோல்ஸ் சாப்பிட்டு, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்று கேட்டார். ஏரியில் எந்த மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்று இருவரும் வாதாடினோம். நான் கடல்காரன், அவர் ஏரிக்காரர், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு நாங்கள் திரும்ப விண்ணப்பித்தோம். திரும்பக் கூட்டம், திரும்பக் கொறிடோர். நீ அந்த வாங்கில் இருக்கமாட்டேன் என்று வெளியே பனிக்குள் நின்றாய். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. இந்த முறை கிடைத்தது. எழுதுவினைஞர் பிறகு எங்களுக்குச் சொன்னார், வால்ட்டர் எழும்பி நின்று பேசியதாக. அந்த ஊரில் யாரும் அவர் கூட்டத்தில் பேசிக் கேட்டதில்லையாம். "போனமுறை எனக்கு இந்த ஆளைத் தெரியாது. இந்தமுறை தெரியும்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாராம். போனமுறை எல்லாரும் முட்டாள்கள் என்று அவர் சொல்லவில்லை. தன்னை யாரோ ஏமாற்றினார்கள் என்றும் சொல்லவில்லை.

இதை நினைத்தபோதும் நான் உன் தாளை எடுக்கவில்லை, தம்பி. ஏனென்றால் நான் அந்த முதல் மறுப்போடு வாழ்ந்தேன். மறுத்தவர்களின் பேக்கரியில் பாண் வாங்கினேன். உங்கள் முடிவு செல்லாது என்று ஒருவர் முகத்திலும் சொல்லவில்லை. நீங்கள் முடிவு வந்த கிழமையே திரும்பக் கேட்கிறீர்களே, இது எப்படி நியாயம் என்று எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் நந்தினி வந்தா.

கலியாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்ததாக அம்மாவிடம் சொன்னா. நீ அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும், நீ அனுப்பியிருந்தால் அவவின் முகத்தில் ஒரு பாடம் இருந்திருக்கும். அளவெடுத்த பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தா. "மாமா, எனக்கு பிரெஞ்சு தெரியும், ஜெர்மன் தெரியாது. நீங்க படிச்சீங்களே அந்தப் புத்தகம், எனக்குப் படிச்சுக் காட்டறீங்களா?" என்று கேட்டா. கேள் தம்பி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை, என்னிடம் வாசித்துக் காட்டச் சொல்கிறா! நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். டொச்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று ஒரு பின்னேரம் முழுக்க வாசித்தேன். அவ கெட்டிக்காரி. நான் தடுமாறினால் உதவி செய்ய அவசரப்படவில்லை, தேத்தண்ணியை ஊதிக்கொண்டு இருந்தா. இடையில், "எங்க ஊர்ல ஜெயிச்சவங்க பட்டாசு வெடிப்பாங்க மாமா. இங்க முடிவு வந்ததும் எல்லாரும் சூப் குடிக்கப் போயிடறாங்க" என்று சிரித்தா. முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டா. "கல்யாணம் பண்ணிட்டு வர்றவங்களையும் அந்த எண்ணிக்கைல சேர்ப்பாங்களா? அது எங்க எழுதியிருக்கு?"

நான் முன்னிருந்து பின்னுக்கும், பின்னிருந்து முன்னுக்கும் தேடினேன். வேண்டும் என்றவர்களின் பக்கத்திலும் இல்லை, வேண்டாம் என்றவர்களின் பக்கத்திலும் தெளிவாக இல்லை. அதைப் பிறகு பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற அளவில் விட்டிருந்தார்கள். அந்தப் பாராளுமன்றம்தான் இப்போது வரைக்கும் கதைத்துக்கொண்டிருக்கிறது.

"எங்கேயும் இல்லையா மாமா?"

"இல்லைப் பிள்ளை. நான் அப்ப வாசிச்சதிலயும் இருக்கேல்லை. இருக்கோ எண்டு தேடவேணும் எண்டும் எனக்குத் தோன்றேல்லை."

அவ புத்தகத்தை மூடி மேசையில் வைத்தா, உன் தாளுக்குப் பக்கத்தில். தாளைப் பார்த்தும் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவர் எனக்காகச் சண்டை போடறேன்னு சொல்றார். நான் கேக்கலையே மாமா. எனக்கு அப்பா அம்மா பக்கத்துல நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா நின்னாப் போதும். விசா கிடைக்கலைன்னா ரெண்டு பேரும் வேற எங்கயாவது போய்க்குவோம்" என்றா. வேறு எங்கேயாவது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா அளவு நாடாவைச் சுற்றுவதை நிறுத்திவிட்டா. நீ பிறந்த நாடு தம்பி இது. நீ வேறு எங்கேயாவது போவதா?

அன்றிலிருந்து யோசித்தேன். நான் எழுதிய 'யா' பொய்யில்லை. அந்த முதலாளியும் பொய்யில்லை. அது எண்ணப்பட்டது, வென்றது, நான் அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அன்று எனக்குத் தெரியாத ஒன்று இன்று தெரியும். அதைத் தெரிந்துகொண்டு, என்னை இன்னொருமுறை கேட்கவேண்டாம் என்று நான் சொன்னால், அது என் வாக்கை மதிப்பதாகுமா, அல்லது என் வாக்குக்குப் பயப்படுவதாகுமா? திரும்பக் கேட்டால் என் முதல் வாக்கை யாரோ குப்பையில் போடுகிறார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் தாளில் எழுதாமல் இருந்தேன். அப்படி ஒன்றும் நடக்காது. நான் வாசித்ததை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. கிறீம் கேக் சாப்பிட்டதும் சாப்பிட்டதுதான்.

ஆகவே, இந்தக் கடிதத்தைத் தொடங்கிய நாளில் தொடாமல் விட்ட தாளை இன்று காலை என் பக்கம் இழுத்தேன். பெயரை அவரவர் தன் கையால் எழுத வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது, நானே வாசித்தேன். பெயர், பிறந்த தேதி, தெரு, வீட்டு இலக்கம். கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்தும் போகவில்லை. கீழே கையெழுத்து. அம்மா மேலாகப் பார்த்து, "இவ்வளவு வடிவாயோ எழுதுவியள்?" என்றுவிட்டுத் தன் பெயரையும் எழுதினா. இரண்டு பெயரும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. மலருக்குக் கொடுக்கும் பிரதியை வேறாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்டேஷன் முன்னால் அந்தக் கிழவி திரும்ப வந்தால், வாசிக்காமல் போட்டீர்கள் என்று சொல்லாதே. ஏன் போட்டீர்கள் என்று கேள். அவவுக்கும் ஒரு முதலாளி இருந்திருக்கலாம், அல்லது வீட்டு வாடகை இருக்கலாம், அல்லது வெறும் பயம் இருக்கலாம். அவவிடமும் கையெழுத்துக் கேட்டுப்பார். உன்னிடம் இல்லாத பொறுமையை நந்தினியிடம் இரவல் வாங்கிக்கொள்.

கலியாணத்துக்கு வருகிறோம். நந்தினியின் தாய்தகப்பன் முன்னால் என் இந்த முகத்தோடுதான் நிற்பேன், வேறு முகம் என்னிடம் இல்லை. நான் என்ன எழுதினேன் என்று அவர்கள் கேட்டால் மறைக்கமாட்டேன்.

நீங்கள் கேட்கிறபடி அந்த வாக்கெடுப்பு திரும்ப வந்தால், என் உறையை நீ திறக்கக் கூடாது. புதுப் புத்தகத்தை நான் வாசிப்பேன். இந்தமுறை இல்லாதது என்னவென்றும் தேடுவேன். என்ன எழுதுவேன் என்று இப்போது எனக்கே தெரியாது, திரும்பவும் 'யா' என்று எழுதினாலும் எழுதுவேன். ஊர்பேர் தெரியாதவர்களிடம் எல்லாம் குளிரில் நின்று கேட்கிறாய். என்னிடம் நீ ஒருநாளும் வாக்குக் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை, என் வாக்கு உன் கையிலேயே இருந்தது. இப்போது அது என்னிடம் இருக்கிறது. ஆகவே ட்ராமை விட்டுவிட்டு ரயிலில் ஏறு. மேசை வெறுமையாகத்தான் இருக்கிறது. வந்து எனக்கு முன்னால் இரு, உன் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லு, நான் என்னுடையதைச் சொல்கிறேன். என்னை மாற்ற உன்னால் முடியலாம், முடியாமலும் போகலாம்.

வந்து கேள், தம்பி.

அப்பா